ராமநாதபுரம் கடற்கரைக்குச் சர்ஃப் பலகையோடு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரின் கூரையில் ஒன்பதடிப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மண்டபம் வரை வந்து இறங்கி, "அலை எங்கேண்ணே?" என்று கேட்கும் பையன்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பழகியவர்கள். இலங்கையில் பொத்துவில் பக்கம் அருகம் குடாவுக்குப் போய்வந்தவர்களும் அவர்களில் உண்டு. மண்டபத்தின் வடக்குக் கரையில் நின்று பார்த்தால் எதிரே கண்மாய் மாதிரி அசையாத தண்ணீர். முகம் வாடிவிடுகிறது. வேறொரு கரையின் கணக்கோடு இங்கே வருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. நான் இந்தக் கரையில் வளர்ந்தவன். வருகிற பிள்ளைகள் நன்றாக விளையாடி, முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி ராமேசுவரத்தின் வடக்குப் பக்கம் வரை பாக் விரிகுடா. பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கே போவது மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்காரர்கள் அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், குமுறும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சர்ஃபுக்கு வேண்டிய நீளமான அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் வீசும் புயல்களிலிருந்து புறப்பட்டு வருவது. அருகம் குடாவுக்கு அது தடையில்லாமல் போய்ச் சேர்கிறது; அதனால்தான் அங்கே மே முதல் செப்டம்பர் வரை அப்படி அலை அடிக்கிறது. அதே அலை பாக் விரிகுடாவுக்குள் வர முடியாது. குறுக்கே இலங்கை நிற்கிறது, ராமேசுவரம் தீவும் ராமர் பாலம் என்கிற ஆதம் பாலத்தின் தீடைகளும், அதாவது மணல் திட்டுகளும், நிற்கின்றன. உள்ளேயும் ஆழம் குறைவு, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான். தென்கடல் பக்கம் அலை வருகிறது, ஆனால் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. கீழக்கரையில் நின்று பெரிய அலையை எதிர்பார்ப்பது வீண்.

சரி, அப்படியானால் வரவே வேண்டாமா? வாருங்கள், ஆனால் இது காற்றுக்கான கரை என்று தெரிந்து வாருங்கள். பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் சறுக்கும் கைட் சர்ஃபிங், பலகையில் பாய் கட்டி ஓட்டும் விண்ட் சர்ஃபிங், நின்றுகொண்டு துடுப்புப் போடும் துடுப்புப் பலகை, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இடுப்பளவு நீரில் விழுந்து எழுந்து பழகலாம். நின்று சறுக்கும் அலைதான் வேண்டும் என்றால் சாயல்குடி வழியாகத் தெற்கே இறங்கி, தூத்துக்குடி, திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு போய்விடுங்கள். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு அலையை அழகாக வளைத்துத் தருகிறது.

வடகடலில் ஏமாந்தவர்கள் அடுத்துச் செய்வது, நேராக தனுஷ்கோடிக்கு ஓட்டுவது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு யார் வேண்டுமானாலும் முனை வரை காரில் போகலாம். தெற்குப் பக்கம் அலை உடைவது தெரியும், கை பரபரக்கும். இறங்காதீர்கள். அலை கரையை ஒட்டியே சட்டென்று கவிழ்கிறது. நின்று சறுக்க இடமே இருக்காது, பலகையோடு சேர்த்து மணலில் குத்தும். முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது, காலடி மணல் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் ஆழம். குளிக்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

இனி சொல்வதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வேன். இந்தக் கரையில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் அலை அல்ல, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அப்போது மண்டபம், தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் போகிறது. கரை ஓரத்தில் வீடுகளும் பனை, தென்னை மரங்களும் காற்றை மறைப்பதால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். புதிதாக வருகிறவர் கண்ணுக்குத் துடுப்புப் பலகைக்கென்றே செய்த நீர் போலத் தோன்றும். இருநூறு மீட்டர் போனதும் மறைப்பு முடிகிறது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், நமக்கோ நன்றாகத் துடுப்புப் போடுகிறோம் என்ற நினைப்பு. திரும்பிப் பார்க்கும்போது பனைமரங்கள் விரல் உயரத்தில் தெரியும். எதிர்க்காற்றில் நின்றுகொண்டு துடுப்புப் போட்டால் உடம்பே பாய்மரமாகிவிடும், ஓர் அடியும் நகராது. அப்படி மாட்டினால் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தள்ளி வர வேண்டும். பலகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. காலில் கட்டும் கயிறு இல்லாமல் இறங்குவது இங்கே தற்கொலைக்குச் சமம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை இது தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தென்கரையில்தான் காற்று கடலுக்குள் தள்ளும். ஆகவே பயணத் திட்டம் போடும்போது ஊர்ப் பெயரை மட்டும் எழுதாமல், அந்த மாதத்துக் காற்று எந்தப் பக்கம், அந்தக் கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைட் பிடிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கரைக்கு இணையாகவோ சற்றே கரை நோக்கியோ வீசும் காற்றில் மட்டும் பட்டத்தைக் கிளப்புங்கள்.

வெயில் காயும் நாளில், காற்றே இல்லாதபோது, தென்கரையில் திடீரென்று கடல் பொங்கி ஏறுவதும் உண்டு. கள்ளக்கடல் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். எங்கோ தொலைவில் எழுந்த அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வது. உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. காலையில் காப்பிக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கடலில் நமக்கு முன்பே வேலை செய்துகொண்டிருப்பவர்கள். கரைவலை இழுக்கும்போது கயிறு கரையிலிருந்து வெகுதூரம் வளைந்து போகும். அதைத் தாண்டிப் பலகையை விட்டால் மீன் கலைந்து அன்றைய கூலி போய்விடும். நண்டு வலையின் மிதவைகள் சிறியவை, காற்றில் தெரியாது. கைட்டின் கயிறு சிக்கினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். மண்டபம், பாம்பன் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் பாசி வளர்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். தெப்பத்துக்கு மேலே பட்டத்தை ஓட்டி விளையாடுவது அடுத்தவர் வயலில் பைக் ஓட்டுவதைப் போன்றது. படகடியில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, இன்னைக்கு வலை எங்கே கிடக்கு? நீரோட்டம் எப்படி?" கேட்டவருக்குப் பதில் சொல்லாத மீனவரை நான் கண்டதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கடல் காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும்.

"எதிரே தெரியும் தீவு வரை ஒரு சுற்று" என்பது நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை. அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் காலை வைப்பது குற்றம், பவளத்தின் மேல் கால் வைத்தாலோ அது செத்துப்போகும். ஆசை இருந்தால் பாம்பன் பக்கம் குந்துகாலில் வனத்துறைப் படகு ஏறி குருசடைத் தீவைப் பாருங்கள். கரையில் கிடைத்தது என்று பவளத் துண்டையோ கடல் அட்டையையோ பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், வழக்கு பாயும். அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் எல்லைக் கோடு இருக்கிறது. தீடைகளை நோக்கிப் பலகையைத் திருப்பாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

சாலையில் இரண்டு இடம் கவனம். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், குறுக்குக் காற்று எப்போதும் உண்டு. பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்தினார்கள் என்றால் கூரையில் கட்டிய பலகை எம்மாத்திரம்! பாலத்துக்கு முன் இறங்கி, பட்டையை ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். இன்னொன்று, நிழலுக்காகச் சீமைக் கருவேல மரத்தடியில் வண்டியை விடுவது. அந்த முள் டயரைத் தப்பவிடாது. ஸ்டெப்னியில் காற்று பார்த்து வையுங்கள், குடிநீர் கேன் ஒன்று கூடுதலாக ஏற்றுங்கள். கரையோரக் கிணறுகள் பல இடங்களில் உப்பு. ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி வராதீர்கள், ராமேசுவரமும் சேதுக்கரையும் தேவிபட்டினமும் நிரம்பி வழியும். மற்ற நாளிலும் அக்னி தீர்த்தத்தில் பலகையோடு இறங்க வேண்டாம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிற இடம் அது.

ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரில் அலசி உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நால்வர் வந்தால் மூவர் இறங்கட்டும், ஒருவர் கரையில் இருக்கட்டும். அவர் போனில் 1093 கடலோரப் போலீஸ் எண்ணும், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை எண்ணும் பதிந்திருக்க வேண்டும். பலகை கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியத் தொடங்கும்போதே அவர் போனை எடுத்துவிட வேண்டும்.