எங்கள் செட்டில் இன்று இல்லாதவர்கள் பெயரில் பள்ளிக்குப் பரிசு வைத்த விதம்

கடலோரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் 1994இல் பத்தாவது முடித்தேன். இப்போது ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் கூடப் படித்த செட்டின் பணமும் என் தலையில் விழுந்தது. எங்களில் ஐந்து பேர் இன்று இல்லை. அவர்கள் பெயரில் ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்கிறோம். உங்கள் செட்டும் யோசிக்கிறது என்றால், நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை பெயர்ப்பட்டியல். வாட்ஸ்அப்பில் போட்டுச் சரிபார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவராவது நேரில் போக வேண்டும். நான் போகாமல் விட்டது ஒரு வீடு. கடலுக்குப் போய்த் திரும்பாதவன் அவன். உடல் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் திருப்பலியில் எங்கள் செட்டின் வேண்டுதல் கருத்தாக ஐந்து பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபாதர் வாசித்ததும் அவன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். "எம்புள்ள செத்துட்டான்னு ஒனக்கு யாரு தாயி சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்லலாம்; அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இப்போது நான்கு பெயர்கள்தான் இறந்தோர் பட்டியலில். அவனுக்காக விசுவாசிகள் மன்றாட்டில், கடலுக்குப் போனவர்களுக்காக என்று ஒரு வரி சேர்க்கிறோம்.

இன்னொருத்தி முஸ்லிம் வீட்டுப் பெண். படமும் மாலையும் வேண்டாம், பெயர் போதும் என்றார் அவள் அண்ணன். சரி என்றோம். கேட்காமல் ஃபிரேம் போட்டிருந்தால் அந்த வீட்டுக்கும் ஒருநாள் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

அடுத்தது, என்ன கொடுப்பது. பீரோ வாங்காதீர்கள். எங்கள் செட் முதலில் வாங்கிக் கொடுத்த பீரோவை உப்புக்காற்று நான்கே வருஷத்தில் தின்றுவிட்டது. கதவில் எழுதிய பெயர்தான் முதலில் உதிர்ந்தது. ஆண்டுதோறும் திரும்ப வரும் ஒன்று நல்லது. முதல் மார்க்குக்கு ஏற்கெனவே பரிசு குவிகிறது, அதையும் விடுங்கள். போனவர் எப்படி இருந்தாரோ அதற்குப் பரிசு வையுங்கள். அந்த முஸ்லிம் தோழி பெயரில் கையெழுத்துக்கு. திரும்பாதவன் பெயரில் கால்பந்துக்கு.

கணக்கு எளிது. ஒரு லட்சம் ரூபாயை வைப்புநிதியில் போட்டால் 6 சதவீத வட்டியில் வருஷம் 6,000 வரும். பரிசு ஒன்றுக்கு 1,000 வீதம் ஐந்து, மீதி அச்சுக்கும் டீக்கும். வைப்புநிதி பள்ளியின் பெயரில் இருக்கட்டும், உங்களில் ஒருவர் பெயரில் வேண்டாம். அசலைத் தொடக்கூடாது, வட்டி இன்னதற்கு மட்டும் என்று கடிதம் எழுதி, தாளாளர் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சிஸ்டர்கள் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருபவருக்குக் கடிதம்தான் பேசும்.

வரிக்கழிவு கேட்பவர்கள் இருப்பார்கள். பள்ளியை நடத்தும் அமைப்புக்கு, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி எனப்படும் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு எப்படியும் இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் நம் ஆள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். அதை எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவுள்ள அமைப்பு, டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். உங்கள் செட் கணக்குக்கு வரவே கூடாது. எங்கள் கனடாக்காரனுக்கு இதில் இன்னும் கோபம்.

கூட்டத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள், விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் பணத்தை அப்போது கேட்காதீர்கள். அந்த 61 நாளும் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருப்பவரிடம் வசூல் நோட்டை நீட்டுவது அழகில்லை. படகு இறங்கி ஒன்றிரண்டு மாதம் போகட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குழுவில் போடவும் வேண்டாம், மொத்தத் தொகை மட்டும் போதும். ரசீதைத் தனித்தனியாக அனுப்புங்கள்.

கடைசியாகச் சான்றிதழ் அச்சடிப்பது. இனிஷியலையும் பெயரையும் வீட்டில் காட்டி ஒருமுறை சரிபாருங்கள். எங்கள் நான்கு அட்டைகளில் 'நினைவுப் பரிசு' என்று இருக்கும். கால்பந்து அட்டையில் அவன் பெயர், கீழே 'பரிசு', அவ்வளவுதான். அப்படித்தான் போட வேண்டும் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறார். பிரஸ்காரர் ஒவ்வொரு வருஷமும் ஐந்தையும் ஒரே மாதிரி அடித்துவிடப் பார்ப்பார். அந்த ஒன்றை நான் தனியாக எடுத்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.