தோட்ட கேட்டில் இலக்கத் தகடு வாசிக்கும் கெமரா பொருத்தும் முறை

கொழுந்து லொறி, எண்ணெய் பவுசர், உர லொறி, ஊழியர்களின் மோட்டார் சைக்கிள், ஓட்டோ என்று தேயிலைத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு வாகனத்தையும் வாச்சர் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த வேலையைக் கெமராவிடம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மென்பொருளைத்தான் தேடுகிறார்கள். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கத்துக் கேட்டுகளில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: கெமராக் கம்பம் நட்ட இடம், லென்ஸ், இரவு வெளிச்சம். படம் தெளிவாக இருந்தால் சாதாரண மென்பொருளே வாசித்துவிடும். மங்கிப்போன படத்தை எதுவும் காப்பாற்றாது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். கெமரா விநாடிக்கு 25 படம் எடுக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தகட்டின் செவ்வகத்தைத் தேடி, சரிந்திருந்தால் நிமிர்த்தி, எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காண்கிறது. பல படங்களில் ஒரே விடை வந்தால் அதைப் பதிவு செய்கிறது.

இடமும் கோணமும்

வாகனம் தானாகவே வேகம் குறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தடைக்கம்பத்துக்கு முன்னால் உள்ள 2, 3 மீற்றர் நல்லது. வேகத்தடை இருந்தால் அதன் மேலேயே தகட்டை வாசிக்க முயல வேண்டாம். சில்லு ஏறி இறங்கும்போது தகடும் குலுங்கும். பிரேக் பிடிக்கும் இடம், அதாவது வேகத்தடைக்குச் சற்று முன்னால், சரியாக வரும்.

முன் தகட்டை வாசிப்பதே மேல். கொழுந்து லொறியின் பின் தகடு தொங்கும் தார்ப்பாயிலும் சேற்றிலும் மறைந்துவிடும். ஆனால் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் முக்கியம் என்றால் பின்பக்கத்துக்கும் ஒரு கெமரா வேண்டும். ஒரே கெமராவால் இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

கெமரா தகட்டை மேலிருந்து பார்க்கும் கோணமும் பக்கவாட்டுக் கோணமும் தனித்தனியே 30 பாகைக்குள் இருக்க வேண்டும். 20க்குள் கொண்டுவந்தால் நிம்மதி. படத்தில் தகடு சரிந்து தெரிவது 5 பாகையைத் தாண்டக் கூடாது. சமதரையில் 2 மீற்றர் உயரம், 6 மீற்றர் தூரம் என்றால், தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ள தகட்டுக்கு மேலிருந்து வரும் கோணம் ஏறத்தாழ 13 பாகை.

நமக்கோ சமதரை எங்கே கிடைக்கிறது? கேட்டுக்கு முன்னால் பாதை கேட்டை நோக்கி இறங்கினால் கம்பத்தின் அடியிலிருந்து உயரத்தை அளந்து ஏமாற வேண்டாம். 1 மீற்றர் நீளக் குச்சிகள் இரண்டை எடுத்து, வாகனம் வாசிக்கப்படும் இடத்தில், பாதைச் சாய்வின் நீளவாக்கில் 2 மீற்றர் இடைவெளி விட்டு, பாதைக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டு குச்சிகளின் உச்சியையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து, அந்தப் பார்வை கம்பத்தில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கெமராவுக்கு அந்தக் கோடுதான் 1 மீற்றர் உயரம். 8 அடிக்கு 1 அடி இறங்கும் பாதை, கம்பத்துக்கு 4 மீற்றர் முன்னால் சமதரையாக மாறினால், கோடு தரையிலிருந்து அரை மீற்றரில்தான் விழும். அப்படியென்றால் தரையிலிருந்து 2 மீற்றரில் மாட்டிய கெமரா உண்மையில் இரண்டரை மீற்றரில் இருப்பதுபோல்தான் தகட்டைப் பார்க்கிறது. அதற்கேற்ப இறக்கி மாட்டுங்கள்.

லென்ஸ்: பெருக்கிப் பார்த்து வாங்குங்கள்

கடையில் கிடைக்கும், குவியத் தூரம் 2.8 மில்லிமீற்றரான நிலையான லென்ஸ் வாசலைக் காவல் பார்க்கப் போதும், தகடு வாசிக்கப் போதாது. காரணம் கணக்கிலேயே தெரியும். 1920 பிக்சல் அகலப் படம் தரும் வழக்கமான கெமராவில் உணரியின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் படம் விழும் சில்லின், அகலம் ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். 6 மீற்றர் தூரத்தில் 2.8 லென்ஸ் 12 மீற்றர் அகலத்தைக் காட்டும்: ஒரு மீற்றருக்கு 160 பிக்சல். 6 சென்ரிமீற்றர் உயர எழுத்துக்குக் கிடைப்பது 10 பிக்சல் கூட இல்லை. நம்பி வாசிக்க 20 பிக்சலாவது வேண்டும்.

ஒரு வாகனம் போகும் 3.5 மீற்றர் அகலத்தை மட்டும் பிடித்தால் மீற்றருக்கு ஏறத்தாழ 549 பிக்சல், எழுத்துக்கு 33 பிக்சல். அதற்கு வேண்டிய லென்ஸ், உணரி அகலம் × தூரம் ÷ பிடிக்கும் அகலம்: 5.6 × 6 ÷ 3.5 = 9.6 மில்லிமீற்றர். ஆகவே 2.8 முதல் 12 வரை மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கெமராவை வாங்கி, இடத்தில் வைத்துத் திருகிச் சரிசெய்யுங்கள். ஃபோகஸைப் பகலில் பிடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரவில் கெமரா பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியில் ஃபோகஸ் சற்று விலகும். இருட்டிய பிறகு ஒருமுறை ஒரு வாகனத்தை நிறுத்திவைத்துத் தகட்டின் எழுத்து ஓரம் கூர்மையாக இருக்கிறதா பாருங்கள்.

ஷட்டர்

15 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறி விநாடிக்கு 4 மீற்றருக்கு மேல் நகரும். ஷட்டர் 1/30 விநாடி என்றால் அது திறந்திருக்கும் நேரத்தில் லொறி 14 சென்ரிமீற்றர் போய்விடும். 1/500 என்றால் 8 மில்லிமீற்றர்தான். கேட்டுக்கு 1/500 சரி; பாதையில் வேகமாகப் போகும் வாகனத்துக்கு 1/1000. தன்னியக்க அமைப்பில் விட்டால் மாலை மங்கியதும் கெமரா தானாக 1/25க்கு இறங்கி எல்லாவற்றையும் குழப்பிவிடும். கையால் பூட்டி வையுங்கள். பல படங்களைச் சேர்த்து வெளிச்சத்தைச் சமன்செய்யும் வசதியையும் அணைத்துவிடுங்கள்; நகரும் தகட்டில் அது நிழல்போல இரட்டை ஓரம் போடும். பகலில் படம் சற்று இருட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம், தகடு தெரிந்தால் போதும்.

இரவும் பனிமூட்டமும்

இலக்கத் தகட்டின் பூச்சு தன்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். 850 நனோமீற்றர் அகச்சிவப்பு விளக்கோடு, அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியும் லென்ஸில் இருந்தால் ஹெட்லைட்டின் கூச்சம் பெருமளவு அடங்கி, கறுப்புப் பின்னணியில் தகடு பளிச்சென்று நிற்கும். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற வேறுபாடு இரவில் தெரியாது; இரண்டும் வெள்ளைதான். தகடு எழுத்தே இல்லாத வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தால் ஒளி மிகுந்துவிட்டது என்று அர்த்தம். விளக்கின் வலுவையும் கெமராவின் ஒளிப்பெருக்கத்தையும் குறையுங்கள்.

பனிமூட்டம்தான் மலைநாட்டின் பெரிய சோதனை. கெமராவோடு ஒட்டியிருக்கும் விளக்கு, பனியின் நீர்த்துளிகளில் பட்டு நேரே லென்ஸுக்கே திரும்பி முழுப் படத்தையும் பால்போல வெளுக்கச் செய்யும். பனியில் ஹை பீம் போட்டால் சாரதிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுவதும் இதே காரணத்தால்தான். கெமராவில் உள்ள விளக்கை அணைத்துவிட்டுத் தனி விளக்கு ஒன்றை அரை மீற்றர் கீழே, சற்றுப் பக்கவாட்டில் மாட்டுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: விளக்கு விலக விலக, தகட்டிலிருந்து கெமராவுக்குத் திரும்பும் ஒளியும் குறையும். அதனால் தனி விளக்கு வலுக் கூடியதாகவும், கதிர் ஒடுங்கியதாகவும் இருக்க வேண்டும். இன்னொரு வழி தூரத்தைக் குறைப்பது. 15 மீற்றர் தள்ளி நீள லென்ஸ் போட்டால் எழுத்து பெரிதாகும், ஆனால் இடையில் உள்ள பனியும் அவ்வளவு கூடும். 6 மீற்றர் என்று மேலே கணக்குப் போட்டது இதற்காகத்தான்.

அரைக்கோளக் கண்ணாடிக் கெமரா வேண்டாம். கண்ணாடியில் பனித்துளி படிந்தால் உள்விளக்கே அதைக் கூசச் செய்யும். குழாய் வடிவில், மழைக்கூரை உள்ளதை வாங்குங்கள்.

வயர், மின்னல்

மின்சாரத்தையும் படத்தையும் ஒன்றாகக் கொண்டுபோகும் வலைக்கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் என்றால் ஒளியிழைக் கேபிள். அது மின்னலின் அதிர்ச்சியைக் கடத்தாது என்பது கூடுதல் நன்மை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூடும். செப்புக் கேபிள் என்றால் இரு முனையிலும் மின்னல் தடுப்பான், சரியான எர்த். மின்வெட்டுக்கு ஒரு யூபிஎஸ்.

நம் தகடுகளுக்கு விதி எழுதுவது

இங்கேதான் வெளிநாட்டு மென்பொருள் தடுமாறும். நம் பாதையில் மூன்று தலைமுறைத் தகடுகள் ஓடுகின்றன: நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’ உள்ள பழையவை, 2 அல்லது 3 இலக்கமும் கோடும் 4 இலக்கமும் உள்ளவை, 2 அல்லது 3 ஆங்கில எழுத்தும் 4 இலக்கமும் உள்ளவை. சிலவற்றில் இடப்பக்கம் மாகாண எழுத்து இரண்டு சிறிதாக ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும், சிலவற்றில் இருக்காது. அந்தச் சிறு எழுத்துகளை உயரத்தை வைத்துப் பிரித்து ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே லொறி இரண்டு பெயரில் பதிவாகும்.

கடைசி 4 இடமும் எப்போதும் இலக்கம். அங்கே ஆங்கில ‘ஓ’ வந்தால் பூச்சியம், ‘பி’ வந்தால் 8, ‘எஸ்’ வந்தால் 5, ‘இசட்’ வந்தால் 2 என்று மாற்றலாம். முன்பகுதியில் அப்படி மாற்றாதீர்கள்; அங்கே எழுத்தும் வரும், பழைய தகடானால் இலக்கமும் வரும். இரண்டு வாசிப்பையும் வைத்துக்கொண்டு, உள்ளே வர அனுமதி உள்ள வாகனங்களின் பட்டியலில் எது இருக்கிறது என்று பாருங்கள். ‘ஸ்ரீ’யை விழுங்கிவிட்டு இரு பக்க இலக்கங்களையும் ஒட்டித் தரும் மென்பொருளும் உண்டு, உங்களிடம் வரும் ஒரு சில பழைய வாகனங்களை ஒட்டிய வடிவிலேயே பட்டியலில் எழுதிவிடுவது எளிது. ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் பின் தகடு இரண்டு வரி. இரு வரி வாசிப்பு இயக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

ஓர் எழுத்து மட்டும் வேறுபட்டால் தடைக்கம்பத்தைத் தானாகத் திறக்க விடாதீர்கள். வாச்சருக்குப் படத்தோடு மணி அடிக்கட்டும்.

சோதனையும் பராமரிப்பும்

ஒரு வாரம் வாச்சரின் புத்தகத்தை நிறுத்தாமல், கெமராவின் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பகல், இரவு, பனி என்று மூன்று கணக்கு வைத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 வாகனம் பாருங்கள். மொத்தச் சராசரி பகல் வெற்றியைக் காட்டி விடிகாலைத் தோல்வியை மறைத்துவிடும். தவறாக வாசித்ததையும் வாசிக்காமலே விட்டதையும் பிரித்து எழுதுங்கள்: முதலாவது கூடினால் ஃபோகஸ், ஷட்டர், எழுத்து விதி, இரண்டாவது கூடினால் கோணம், வெளிச்சம்.

வாரம் ஒருமுறை கண்ணாடியை ஈரத் துணியால் துடையுங்கள். இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரே ஒரு வலை நூல் லென்ஸுக்கு முன்னால் ஆடினாலும் இரவில் அது தடித்த வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆயுத பூசை நாட்களில் முன்பக்கம் வாழைக்கன்றும் மாலையும் தகட்டை மூடும். சந்தனப் பொட்டு ஓர் எழுத்தை இன்னொன்றாக்கும். அந்த ஓரிரு நாள் புத்தகத்தையே நம்புங்கள், பூசையில் கை வைக்க வேண்டாம்.

கெமராவின் பார்வையில் லயத்து வாசலோ பிள்ளைகள் விளையாடும் இடமோ விழுந்தால் அந்தப் பகுதியை மென்பொருளிலேயே கறுப்பாக மறைத்துவிடுங்கள். தகடு வாகனத்தைத்தான் சொல்லும், ஓட்டியவரைச் சொல்லாது. ஆனாலும் யார் எப்போது வந்து போனார் என்ற பதிவு மனிதர்களைப் பற்றியதுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, பதிவை எதற்கு வைக்கிறீர்கள், எத்தனை நாள் வைக்கிறீர்கள், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். 30 நாளில் தானாக அழியும்படி அமைத்து, கேட்டில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டுங்கள்.