இது என்ன மரம்? அடையாளம் காண்பதில் நாம் செய்யும் தவறுகள்

கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வந்த வாசல் நிலை அது. பர்மா தேக்கு என்று சொன்னார்கள். கறுத்த பழுப்பு நிறம், கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு, நல்ல கனம். தேக்கு விலை கொடுத்து வாங்கி மாட்டினேன். ஐப்பசி அடைமழையில் நிலை நனைந்ததும், அதன் காலடியில் வெள்ளையடித்த சுவரில் மஞ்சள் கறை இறங்கியது.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. நிலையின் அடியில் உளி வைத்து ஒரு பிடி சீவல் எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டேன். வெயிலில், ஒரு கறுப்புத் துணிக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், வெளிர் மஞ்சளான தண்ணீரின் ஓரத்தில் நீலம் மின்னியது. வேங்கை! அருமையான மரம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேக்கு இல்லை. இந்த நீலத்தையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. வேங்கையின் இனத்தைச் சேர்ந்த படாக்கும் இப்படி மின்னும். குடும்பம் இது என்றுதான் டம்ளர் சொல்லும், அண்ணனா தம்பியா என்று சொல்லாது.

அன்று நான் செய்த தவறைத்தான் இன்றும் மரவாடியில் பலர் செய்கிறார்கள்: பலகையின் அகன்ற முகத்தையும் அதன் நிறத்தையும் பார்த்து முடிவு கட்டுவது. நிறம் நிலையானது இல்லை. புதிதாக அறுத்த பலா எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். தஞ்சாவூர் வீணைக் குடம் பலாதான், அதில் மஞ்சளைத் தேடினால் கிடைக்குமா? துவர்ப்புள்ள கருவேல், மருது போன்றவற்றில் ஆணித் துரு பட்டால் அந்த இடம் கறுநீலமாகிவிடும். அதைப் பார்த்து "கறுப்பு வைரம்" (வைரம் என்றால் மரத்தின் கெட்டியான உட்பகுதி) என்று மயங்கியவர்களும் உண்டு.

பார்க்க வேண்டியது குறுக்கே அறுத்த முகத்தை. அதையும் பலர் ரம்பம் போட்டபடியே பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். மரம் தண்ணீர் கடத்தும் நுண்துளைகளை ரம்பம் நசுக்கித் தூளால் அடைத்துவிடும். புது பிளேடையோ நன்றாகத் தீட்டிய உளியையோ எடுத்து, நகத்தளவு இடத்தை ஒரே இழுப்பில் மழமழவென்று சீவுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் போதும், உள்ளே ஒரு ஊரே தெரியும். தேக்கில் ஒவ்வொரு வருட வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். வேங்கையில் அவ்வளவு தெளிவான வரிசை இருக்காது. பலாவும் மஞ்சக்கடம்பும் நிறத்தில் ஏமாற்றும். ஆனால் பலாவின் துளை பெரியது, மஞ்சக்கடம்பின் துளை லென்ஸ் இல்லாமல் தெரியாத அளவு பொடிசு. வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் துளையைச் சுற்றி வெளிர் நிறத்தில் கண் வரைந்தது போல இருக்கும். இரண்டிலும் இருப்பதால், அந்தக் கண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வளையம் அகலமாக இருக்கிறதே, இது தேக்கே இல்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. கல்லணைக் கால்வாய்க் கரையில் தண்ணீர் குடித்து வளர்ந்த தேக்குக்கு வளையம் அகலமாகத்தான் இருக்கும். அகலம் அது வளர்ந்த இடத்தைச் சொல்கிறது, இனத்தை இல்லை.

எடையில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரியது. 2018 நவம்பரில் கஜா புயல் போட்டுவிட்டுப் போன மரங்களைப் பச்சையாகவே அறுத்து விற்றபோது, தூங்குமூஞ்சிகூடக் கல்லாகக் கனத்தது. "கனமா இருக்கு, நல்ல மரம்தான்" என்று வாங்கினவர்கள் ஆறு மாதத்தில் காய்ந்து லேசான பலகையைப் பார்த்து முழித்தார்கள். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். கையில் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் வைரப் பகுதியாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டுங்கள். சரியாக 100 கன சென்டிமீட்டர். நிழலில் உலர்த்தி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றதும் அந்த எண்தான் கணக்கு. தேக்கு பெரும்பாலும் 60 முதல் 70 கிராம் வரை நிற்கும். தூங்குமூஞ்சி பொதுவாக அதற்குக் கீழே. புளியமர வைரம் 90ஐத் தாண்டும். நாதஸ்வரம் கடையும் ஆச்சா 100ஐத் தாண்டித் தண்ணீரில் மூழ்கும்.

மூழ்குவது என்றதும் கருங்காலி ஞாபகம் வருகிறது. கருங்காலி மாலை வாங்குபவர்கள் தண்ணீரில் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். கருங்காலி மூழ்கும், சரி. ஆச்சாவும்தான் மூழ்கும். கறுப்புச் சாயம் போட்டால் கருங்காலி என்று விற்கலாம். ஒரு மணியை உடைத்து உள் நிறத்தைப் பார்ப்பது மேல்.

வாசனைக்கு வருவோம். தேக்குக்குப் பழைய தோல் பை போல ஒரு மணம் உண்டு. ஆனால் தேக்கு அறுக்கும் பட்டறையில் நின்று முகர்ந்தால் வேப்பம்பலகையும் தேக்கு வாசனைதான் அடிக்கும். தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதிதாக ஒரு சீவு சீவி, லேசாக நனைத்து முகருங்கள். நம் பக்கம் பூவரசையும் வேம்பையும் மாதக்கணக்கில் குளத்தில் போட்டு வைத்துப் பிறகு அறுக்கும் பழக்கம் உண்டே, அந்த மரங்களில் மேல்பரப்பு சேற்று வாசனைதான் தரும். பட்டையும் ஊறிக் கழன்றிருக்கும்.

பட்டை நிற்கிற மரத்துக்கு உதவும், அதுவும் வயது பார்த்து. இளசில் வழவழப்பாக இருப்பது கிழமாகும்போது வெடித்துப் போகும், ஒரே மரத்தில் அடியும் கிளையும் வேறு மாதிரி இருக்கும். நீர்மருது மட்டும் ஏமாற்றாது. வெளிறிய சாம்பல் நிறம், மெல்லிய தகடு தகடாக உரியும். காவிரிக் கரையில் நடந்தால் போதும். திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமே மருதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெரியாத மரத்தின் பட்டையை வெட்டி முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் தில்லை மரம் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளிக் கட்டையும் விஷம்.

கடைசியாக, பெயர். "ஆச்சா" என்று பேச்சில் வந்தால் எந்த ஆச்சா என்று கேளுங்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் ஆச்சா ஒன்று. அதற்குப் பழைய வீடுகளில் பிரித்த மரத்தைத்தான் தேடுவார்கள். வட இந்தியச் சால் மரத்துக்கும் அதே பெயர் வழங்கியிருக்கிறது. தூங்குமூஞ்சியையும் வாகை என்றே சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. பெயரில் சண்டை வந்தாலோ பெரிய தொகை மாட்டியிருந்தாலோ, வைரம் உள்ள கைப்பிடித் துண்டு ஒன்றைப் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பலாம். அங்கே நுண்ணோக்கியில் வைத்துச் சொல்வார்கள்.

மற்றபடி என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. ஊரில் எந்த மரம் விழுந்தாலும், இலையும் காயும் பார்த்து இன்னது என்று உறுதியான பிறகே, அதில் ஒரு துண்டு எடுத்து ஊர், தேதி, அடிமரமா கிளையா என்று எழுதி டின்னில் போடுவேன். புதிதாக ஒன்று கைக்கு வந்தால் அந்தத் துண்டுகளோடு பக்கத்தில் வைத்து, ஒரே பிளேடால் இரண்டையும் சீவிப் பார்ப்பேன்.