மேசை விளக்கு ஒயரில் சுவிட்ச் மாற்றுவது எப்படி?

அப்பா இரவில் படிக்கும் மேசை விளக்கின் சுவிட்ச் சென்ற மாதம் மக்கர் செய்யத் தொடங்கியது. ஒருமுறை தட்டினால் எரியும், அடுத்த முறை எரியாது. திறந்து பார்த்தால் பித்தளைத் தகட்டின் முனை கரிந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் ஓரிடத்தில் நான் தவறினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 250 வோல்ட் என்ற குறிப்பும் உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பே கால் ஆம்பியர்தான் இழுக்கும்; 2 ஆம்பியர் சுவிட்ச் தாராளம். ஒயரை அழுத்திப் பிடிக்கும் பட்டை இருபுறமும் உள்ளே இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். அது இல்லாவிட்டால், ஒயர் காலில் சிக்கி இழுபடும் நாளில் கம்பி திருகிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய சுவிட்சைக் கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு கம்பி வெட்டப்பட்டு இரண்டு திருகுகளில் மாட்டியிருக்கும். மற்றது வெட்டுப்படாமல் நேரே போகும்.

கரிந்த முனையை வெட்டியெறிந்து, புதிதாக 6 அல்லது 7 மில்லிமீட்டர் மட்டும் தோல் சீவுங்கள். இதற்கு நான் ஒயர் ஸ்ட்ரிப்பரைத்தான் பயன்படுத்துவேன். பிளேடு வேண்டவே வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் 24 மெல்லிய இழைகள் இருக்கும். பிளேடு பட்டால் நாலைந்து இழைகள் சத்தமில்லாமல் அறுந்துபோகும். இழைகளை முறுக்கித் திருகின் அடியில் செலுத்துங்கள். ஈயம் பூசாதீர்கள்: திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கிப் பிடி தளரும், பிறகு அங்கேதான் சூடேறும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி நான் தவறிய இடம். எல்லாம் மாட்டி முடித்தேன், விளக்கு அழகாக எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தேன். ஒரு முனையில் டெஸ்டரின் நியான் விளக்கு செக்கச்செவேல் என்று எரிந்தது! சுவிட்ச், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தது. 230 வோல்ட் ஹோல்டர் வரை வந்து காத்திருந்தது. அணைத்த விளக்குதானே என்று அப்பா பல்பு மாற்றக் கை வைத்திருந்தால்? சுவிட்ச் வெட்ட வேண்டியது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியை.

இதைச் சரிசெய்யச் சுவிட்சைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. விளக்கை உருவிவிட்டு மூன்று பின் பிளக்கைத் திறந்து, வெட்டுப்பட்ட கம்பி 'எல்' (ஃபேஸ்) என்று குறித்த பின்னிலும் மற்றது 'என்' (நியூட்ரல்) பின்னிலும் இருக்கும்படி மாற்றிப் போட்டால் போதும். இரண்டு கம்பியும் ஒரே நிறமாக இருந்தால், உருவிய நிலையிலேயே மல்டிமீட்டரை வைத்து, சுவிட்சைத் தட்டும்போது எந்தக் கம்பியின் தொடர்பு அறுகிறது என்று பாருங்கள்.

பிறகு மறுபடி சொருகி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் இரு முனைகளிலும் டெஸ்டரை வையுங்கள்; எதிலும் எரியக் கூடாது. வைக்கும் முன் அதே டெஸ்டரை மின்சாரம் உள்ள ஒரு சாக்கெட்டில் சோதித்துவிடுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாமல்தான் இருக்கும். சாக்கெட்டிலும் ஃபேஸ் வலப்பக்கத் துளையில்தான் வருகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: என் விளக்கில் இரண்டு பின் பிளக்தானே இருக்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைத் திருப்பிச் சொருகினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும், நாம் செய்ததெல்லாம் வீண். 6 ஆம்பியர் மூன்று பின் பிளக்காக மாற்றிவிடுங்கள். உடல் முழுக்க பிளாஸ்டிக்காக இருந்தால் எர்த் பின் காலியாக இருக்கலாம். இரும்பு விளக்கென்றால் மூன்று கம்பி ஒயர் கட்டாயம். அதில் பச்சைக் கம்பியைச் சுவிட்சுக்குள் வெட்டவே கூடாது.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்குகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருடைய சுவிட்சும் நியூட்ரலில் இருக்கலாம். முதலில் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.