ட்ரோன் விழுந்தால் யார் பொறுப்பு: லாக்கை வைத்து உற்பத்தியாளரிடம் வாதாடும் வழி

விழுந்த ட்ரோனைக் கையில் எடுத்ததும் வேறு பேட்டரியைச் சொருகி, மோட்டார் சுற்றுகிறதா என்று பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். மோட்டார் சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை) கருகிவிடும். அது வானத்தில் கருகியதா, தரையில் நீங்கள் கருக்கியதா என்று பிறகு பிரித்துச் சொல்வது மிகக் கடினம். நினைவகம் சிறிய போர்டுகளில் மறுபடி ஆர்ம் செய்தால் (மோட்டாரைச் சுற்றத் தயாராக்கினால்) பழைய லாக்கின், அதாவது பறப்புப் பதிவின், மேலேயே புதியது எழுதப்படவும் கூடும்.

கிடந்த இடத்திலேயே, தொடாமல், நாலு பக்கமும் படமெடுங்கள். பேட்டரி கொக்கி பூட்டியிருக்கிறதா, எல்லா ப்ரொப்பெல்லரும் இருக்கின்றனவா என்று தெரியவேண்டும். காணாமல்போன ப்ரொப்பெல்லரைத் தேடி எடுத்தே ஆகவேண்டும். சுற்றிக்கொண்டே தரையில் மோதியது நுனி சிதைந்து, துண்டுகளாகப் பக்கத்திலேயே கிடக்கும். நடுவானில் கழன்றது பெரும்பாலும் முழுசாக, தள்ளிப்போய்க் கிடக்கும். அந்தத் தூரத்தை அளந்து எழுதி வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பேட்டரி செக்கரில் பார்த்துப் படமெடுங்கள். மற்றவை 3.7 வோல்ட்டில் நிற்கும்போது ஒன்று மட்டும் 3.0 பக்கத்தில் கிடந்தால் அந்தச் செல்லைச் சந்தேகப்படலாம். உப்பியிருந்தால் செக்கரும் வேண்டாம். திறந்த வெளியில் மணல் வாளிக்குள் வைத்துவிடுங்கள். அடிபட்ட லிப்போ பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது.

அடுத்தது லாக். உற்பத்தியாளரின் சொந்த மென்பொருளில் மட்டுமே ஓடும் மூடிய வகை ட்ரோன்களில் லாக் இரண்டு இடத்தில் இருக்கும். போனில் உள்ள ஆப்பின் பறப்புப் பதிவில் உயரம், இடம், ஸ்டிக் அசைவு, எச்சரிக்கைகள் கிடைக்கும். சிக்னல் அறுந்த கணத்தோடு அது நின்றுவிடும். ட்ரோனுக்குள் இருக்கும் பதிவு முழுமையானது, ஆனால் பல மாடல்களில் உற்பத்தியாளரால் மட்டுமே படிக்க முடியும். ஆகவே ஆப்பை அப்டேட் செய்யாமல், அழித்துப் போடாமல், பதிவுக் கோப்பை முதலில் நகலெடுங்கள். ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில் ஓடும் ட்ரோன் என்றால் மெமரி கார்டைக் கழற்றி .bin என்று முடியும் பதிவுக் கோப்பை எடுத்தால் போதும். கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், விரல்ரேகை போன்ற எண்) கணக்கிட்டு, அன்றைக்கே உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் "கோப்பைத் திருத்திவிட்டார்" என்று எளிதில் சொல்ல முடியாது.

தகராறின் உயிர்நாடி ஒன்றே ஒன்று: கட்டளையும் ட்ரோனின் அசைவும் பிரிந்த வினாடி எது? ஆர்டுபைலட் லாக்கை மிஷன் பிளானர் என்ற கணினி மென்பொருளில் திறந்து, கேட்ட சாய்வையும் (டெஸ்ரோல்) கிடைத்த சாய்வையும் (ரோல்) ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஒன்றாகவே ஓடிய கோடுகள் திடீரென்று பிரிந்தால் மோட்டார், ஈஎஸ்சி, ப்ரொப்பெல்லர் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. எது என்று ஆர்சிஓயூ (RCOU, ஒவ்வொரு மோட்டாருக்கும் போன கட்டளையின் பதிவு) காட்டும். செத்த மோட்டாரைத் தூக்க ட்ரோனுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அந்த மோட்டாரின் சேனலை உச்சத்துக்குத் தள்ளும். எதிர்மூலை மோட்டாரைக் குறைக்கும். எக்ஸ் வடிவ குவாடில் (நாலு மோட்டார் ட்ரோனில்) மோட்டார் 1 முன்வலது, அதன் எதிர்மூலை 2. தரையில் மோதிய பிறகும் கோடுகள் பிரியத்தான் செய்யும், அதனால் உயரக் கோட்டையும் சேர்த்தே பாருங்கள்.

தரையிலிருந்து உயரே இருக்கும்போதே லாக் சட்டென்று முடிந்தால் மின்சாரம் அறுந்திருக்கலாம். லாக்கில் அதிர்வைக் காட்டும் வைப் (VIBE) மதிப்பு 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் உயரத்தைப் பிடித்து நிற்பதில் சிக்கல் வரும்.

உங்கள் தப்பையும் இதே லாக்கில் தேடுங்கள், அவர்கள் தேடுவதற்கு முன்னால். மொட்டை மாடியில் கம்பி கட்டிய கான்கிரீட்டின் மேலிருந்து கிளப்பியிருந்தால் காம்பஸ் குழம்பி, ட்ரோன் வட்டமடித்து விலகும். ரிட்டர்ன் டு ஹோம் (தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வசதி) உயரம் பக்கத்துத் தென்னையை விடக் குறைவாக இருந்தால் அது உங்கள் கணக்கில்தான் சேரும். வேறு கம்பெனி ப்ரொப்பெல்லர் போட்டிருந்தாலும் அப்படியே. அப்படி ஏதாவது இருந்தால் முழு விலையைக் கேட்காமல் பழுதுக் கட்டணத்தில் குறைக்கச் சொல்வதுதான் நியாயம்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். வினாடி, லாக்கில் உள்ள மதிப்பு, படம்: மூன்று வரி போதும். "பைலட் தவறு" என்று பதில் வந்தால் எந்த வினாடியில், எந்தக் கட்டளை என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அசல் மெமரி கார்டை அனுப்பாதீர்கள். பார்சல் கட்டும்போது சீரியல் எண்கள் தெரிய வீடியோ எடுங்கள். தள்ளுபடியில் புது ட்ரோன் தருகிறோம் என்றால், பழையதை விட்டுக்கொடுத்து உரிமையையும் கைவிடச் சொல்கிறார்களா என்று நிபந்தனையைப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

இந்தியாவில் அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் "பொருள் பொறுப்பு" அத்தியாயத்தில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது. ட்ரோன் கார் கண்ணாடியை உடைத்தது, ஆளைக் காயப்படுத்தியது என்றால் அந்த அத்தியாயம் பொருந்தும். ட்ரோன் மட்டும் போயிருந்தால் "பொருளில் குறைபாடு" என்ற புகாராகவே எழுதவேண்டும். சோதனை இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாள். பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிட்டிருந்தால் அதையும் நிச்சயம் கிளப்புவார்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. அதுவரை உடைந்த ட்ரோனையும் கழற்றிய பாகங்களையும் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒரே பெட்டியில் வைத்திருங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.