கை தொடும் பொருளைக் கணினியிடம் விடாதீர்கள்: சிறு பட்ஜெட் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதைக்குத் தேவையான பொருள் படப்பிடிப்பு நாளில் வந்து சேராதபோது, "சிஜியில் (கணினி வரைகலையில்) பார்த்துக்கொள்ளலாம்" என்று ஷாட்டை எடுத்துவிடுவதே முதல் தவறு. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், பத்து நொடி ஷாட்டின் 240 ஃபிரேம்களிலும் அந்தப் பொருளின் மீது படியும் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதை அந்த அவசரத்தில் எவரும் எண்ணுவதில்லை. நடிகரின் கை தொடுவது அசலாக இருக்க வேண்டும், தொலைவில் நிற்பதைக் கணினிக்கு விடலாம் என்பதே என் அளவுகோல்.

வெறுங்கையை இடுப்பில் வளைத்து நீர் நிறைந்த குடத்தைச் சுமப்பதாக நடிப்பவரின் இடுப்பு ஒடிவதில்லை, தோள் சாய்வதில்லை. பிறகு கணினியில் எவ்வளவு நேர்த்தியாகக் குடத்தை வரைந்து வைத்தாலும் பார்ப்பவருக்கு ஏதோ இடறும். தெர்மாகோலில் செய்து பித்தளை வண்ணம் பூசிய குடத்திற்கும் இதே கதிதான். அதனுள் நாலு படி மணலைக் கொட்டிக் கொடுத்துப் பாருங்கள், நடை தானாக மாறும்.

கைபேசித் திரையில் பச்சை நிறத்தை வைத்துப் படமெடுத்து, பிற்பாடு குறுஞ்செய்தியை ஒட்டுவதும் பெரும்பாலும் வீண் செலவு. இருட்டறைக் காட்சியில் அந்தப் பச்சை கன்னத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் படிந்துவிடும். அதை நீக்குவது திரையை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. குறுஞ்செய்தி வருவதை முன்பே வீடியோவாகத் தயாரித்து அதே கைபேசியில் ஓடவிட்டால், வெளிச்சமும் பிரதிபலிப்பும் கூடவே வந்துவிடும்.

துப்பாக்கியில் மட்டும் அசலுக்கு ஆசைப்படக் கூடாது. 2021 அக்டோபரில், நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகையின்போது துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். சுடவே இயலாத ரப்பர் துப்பாக்கியைக் கொடுத்து, குழல்முனைத் தீப்பொறியைக் கணினியில் சேர்ப்பதே முறை. ஆனால் பொறியை மட்டும் ஒட்டினால் பொம்மை விளையாட்டாகிவிடும். அதன் வெளிச்சம் முகத்திலும் சுவரிலும் விழ, தளத்திலேயே சிறு எல்இடி விளக்கு ஒன்றைக் கணநேரம் மின்ன விட வேண்டும்.

கணினிக்கு ஒதுக்கிய பொருளுக்கும் தளத்தில் வேலை உண்டு. நடிகர்கள் விலகியபின் வெற்றுத் தளத்தை ஒருமுறை படமெடுத்து, ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் சாம்பல் நிறப் பந்தையும் பளபளக்கும் குரோம் பந்தையும் அதே இடத்தில் வைத்துப் பதிவுசெய்து, லென்ஸ் அளவையும் கேமராவின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைச் செய்யாமல் மூட்டை கட்டிவிட்டால், பின்னால் எல்லாமே ஊகம்தான்.

உடைக்க வேண்டிய பொருளை ஒன்றே ஒன்று செய்துவைப்பதும் வழக்கமான தவறு. சர்க்கரைப் பாகில் வார்த்த கண்ணாடி சென்னையின் ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும் என்பதால், குறைந்தது மூன்று வார்த்து, ஷாட் தொடங்கும்வரை காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருங்கள்.