'ஃப்ரஸ்ட்ரேட்': வருந்துவதும் வருத்துவதும்

ஓசூர்த் தொழிற்சாலைகளின் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இளைஞர்களிடம், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், 'ஐ ஃப்ரஸ்ட்ரேட்டட் இன் தட் ஜாப்' என்ற விடை வருவதுண்டு. பேச்சில் 'ஃப்ரஸ்ட்ரேட் ஆயிட்டேன்' என்று புழங்கிப் பழகியதால், 'ஆயிட்டேன்' என்பதன் வேலையையும் அந்த ஆங்கிலச் சொல்லே செய்துவிடும் என நினைத்துவிடுகிறோம்.

தமிழில் 'வருந்து' தன்வினை, 'வருத்து' பிறவினை. சலிப்படையச் செய்தல் என்று பொருள்படும் 'ஃப்ரஸ்ட்ரேட்' என்னும் ஆங்கில வினை 'வருத்து' என்பதன் இனத்தைச் சேர்ந்தது. யாரை அல்லது எதை என்னும் செயப்படுபொருள் இல்லாமல் அது நிற்காது. ஆகவே 'தட் ஜாப் ஃப்ரஸ்ட்ரேட்டட் மீ' என்றோ, செயப்பாட்டு வினையாக்கி 'ஐ வாஸ் ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்றோ சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் 'வாஸ்' இருக்குமிடத்தில் 'காட்' வந்து, 'ஐ காட் ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்றும் ஆகலாம்.

இதைவிடச் சங்கடமான தவறு, 'ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டிங்' என்பது. தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து, சேலம் செல்லும் பேருந்துக்குள் சிக்கிக்கொண்ட ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினால், தாம் மற்றவர்களைச் சலிப்படையச் செய்யும் ஆள் என்று அவரே ஒப்புக்கொண்டதாகப் பொருள்படும். சலிப்பைத் தருவதற்கு 'இங்', அதை அனுபவிப்பவருக்கு 'எட்' என்பதே முறை: 'தி டிலே இஸ் ஃப்ரஸ்ட்ரேட்டிங்', 'ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டட்'.

'அவர் மேல் சலிப்பு' என்று தமிழில் சொல்வதால், 'ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்பதை அடுத்து 'ஆன் ஹிம்' என எழுதிவிடுகிறார்கள். 'வித் ஹிம்' என்பதே சரி. நிகழ்வுகளுக்கு 'பை' பொருந்தும்.

நாளிதழ் படிப்பவர்களைத் தடுமாறச் செய்வது இன்னொரு பொருள். 'வீணாக' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இந்த வினைக்கு, முயற்சியைக் குலைத்தல் என்ற பொருளும் உண்டு. காவிரியில் நீர்வரத்து கூடி ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்பட்டால், 'தி ஃப்ளட் ஃப்ரஸ்ட்ரேட்டட் தேர் பிளான்' என்று எழுதலாம். திட்டத்துக்கு எரிச்சல் வந்ததாக யாரும் கொள்ளமாட்டார்கள்.

எல்லா எரிச்சலுக்கும் இச்சொல்லை இழுத்து வருவதும் பொருத்தமன்று. பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி தூக்கத்தைக் கெடுத்தால், எரிச்சலூட்டுதலைக் குறிக்கும் 'அன்னாய்' (annoy) என்ற ஆங்கிலச் சொல் போதும். ஆண்டு முழுதும் தோப்பைப் பேணி, பெங்களூரா மாங்காய்க்குப் பறிப்புக் கூலிகூடக் கட்டாத விலை கிடைக்கும்போது விவசாயிக்கு ஏற்படுவதே 'ஃப்ரஸ்ட்ரேஷன்'.